அலுவலக சப்நெட்டைப் பெரிதாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது பேர் இருந்த காலத்தில் யாரோ ஒருவர் சப்நெட்டை, அதாவது அலுவலகக் கருவிகளுக்கான முகவரித் தொகுதியை, 192.168.10.0/24 என்று அமைத்துவிட்டுப் போயிருப்பார். இப்போது அதே அலுவலகத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். ஆளுக்கொரு மடிக்கணினி, ஆளுக்கொரு கைபேசி, மேசைக்கொரு ஐபி தொலைபேசி. போதாததற்குச் சுவரெங்கும் கேமரா, வாசலில் கைரேகை வருகைப்பதிவு இயந்திரம். 254 முகவரி எப்படிப் போதும்? சப்நெட்டின் அளவைச் சொல்லும் மாஸ்க்கை மாற்றினால் ஆயிற்று என்று தோன்றும். மாஸ்க்கை மாற்ற ஒரு நிமிடம்தான் ஆகும். பழைய மாஸ்க்கைக் கையால் எழுதிவைத்திருக்கும் கருவிகளைத் தேடிப் பிடிக்கத்தான் நாள்கணக்கில் ஆகும். இந்த வேலையில் இறங்குபவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பழைய சப்நெட் 192.168.10.0/24, அதிலிருந்து வெளியே போகும் வாசலான கேட்வே 192.168.10.1 என்று வைத்துக்கொள்வோம்.

முகவரி தீர்ந்துவிட்டது என்பது எப்படித் தெரியும்?

தாமதமாக வருபவர்கள்தான் முதலில் வந்து சொல்வார்கள். ஒன்பது மணிக்கு வந்தவருக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். பத்தரை மணிக்கு வந்தவருக்கு வைஃபை குறி முழுதாக இருக்கும், எந்தப் பக்கமும் திறக்காது. அவருடைய விண்டோஸ் கணினியில் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடம் கேட்டு எதுவும் கிடைக்காமல் கணினி தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள்.

அதை மட்டும் வைத்து முகவரி தீர்ந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டிஎச்சிபி சர்வர் நின்றுபோயிருந்தாலும், கேபிள் தவறான போர்ட்டில் செருகப்பட்டிருந்தாலும் இதே 169.254தான் வரும். சர்வரில் அந்த ஸ்கோப்பின் (விநியோகத்துக்கு வைத்த முகவரி வரிசையின்) கணக்கைத் திறந்து, மீதம் எத்தனை என்று பாருங்கள். மீதம் பூச்சியம் என்றால் சந்தேகமில்லை.

தீர்ந்துவிட்டது. உடனே பெரிதாக்கிவிடலாமா?

ஒரு நிமிடம் பொறுங்கள். பட்டியலில் இருக்கும் முகவரிகளில் எத்தனை உண்மையில் பயன்பாட்டில் இருக்கின்றன?

டிஎச்சிபி சர்வர் முகவரியை லீஸுக்குத்தான் விடுகிறது. வீட்டு லீஸ் போலத்தான் இதுவும்: குடியிருந்தவர் சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போனாலும், ஒப்பந்தக் காலம் முடியும்வரை வீடு பூட்டியே கிடக்கும். விண்டோஸ் டிஎச்சிபி சர்வரில் நாமாக மாற்றாவிட்டால் லீஸ் காலம் 8 நாள். திங்கட்கிழமை நேர்முகத் தேர்வுக்கு வந்து, அரைமணி நேரம் வைஃபையில் இருந்துவிட்டுப் போன முப்பது பேருடைய கைபேசிகளும் அடுத்த வாரம்வரை முப்பது முகவரிகளைப் பூட்டி வைத்திருக்கும்.

கைபேசிகள் இன்னொரு தொல்லையும் தருகின்றன. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி, தனியுரிமைக்காகக் கைபேசி தன் உண்மையான மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்ணை) காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகிறது. ஒரே கைபேசி உங்கள் அலுவலகத்தின் இரண்டு வைஃபை பெயர்களில் மாறி மாறிச் சேர்ந்தால், பின்னால் இருப்பது ஒரே சப்நெட்டாக இருந்தாலும், சர்வர் கண்ணுக்கு அது இரண்டு கருவி, இரண்டு லீஸ்.

ஆகவே முதல் வைத்தியம் லீஸ் காலத்தைக் குறைப்பது. கைபேசிகளும் விருந்தினர்களும் வந்துபோகும் இடத்தில் சில மணி நேரமே போதும். லீஸில் பாதிக் காலம் கழிந்ததும் கருவி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், உட்கார்ந்து வேலை செய்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஸ்கோப்பின் எல்லையையும் ஒருமுறை பாருங்கள். 254இல் நூறு முகவரியைப் 'பின்னால் தேவைப்படும்' என்று ஒதுக்கிவைத்துவிட்டு மறந்துபோன அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். இவை இரண்டையும் செய்தும் போதவில்லை என்றால் மேலே படியுங்கள்.

/24, /23 என்பதெல்லாம் என்ன கணக்கு?

ஐபி முகவரி மொத்தம் 32 பிட். அதில் முன்பக்கம் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்பதுதான் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண். மிச்சமிருப்பது கருவிகளுக்கு. /24 என்றால் மிச்சம் 8 பிட், 256 முகவரி. முதல் முகவரி நெட்வொர்க்கின் பெயர், கடைசி முகவரி பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்குமான செய்தி போகும் முகவரி. இரண்டையும் கழித்தால் 254. எண்ணை ஒன்று குறைத்தால் இடம் இரட்டிப்பாகும்: /23இல் 510, /22இல் 1022. மாஸ்க்காக எழுதினால் முறையே 255.255.255.0, 255.255.254.0, 255.255.252.0.

சிலர் இன்றும் 192.168 என்றாலே 'கிளாஸ் சி', அது 255.255.255.0ஆகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். அந்த வகுப்பு முறைக்கு 1993இலேயே மாற்று வந்துவிட்டது. மாஸ்க்கை நம் தேவைக்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

192.168.10 உடன் 192.168.9ஐச் சேர்க்கலாமா, 192.168.11ஐச் சேர்க்கலாமா?

11 மட்டும்தான் சேரும். /23இன் மூன்றாம் எண் இரட்டைப்படையில் தொடங்கி அடுத்த ஒற்றைப்படையில் முடிய வேண்டும். காரணத்தை இரும எண்ணில் எழுதிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: 10 என்பது 00001010, 11 என்பது 00001011. கடைசி பிட் மட்டும் வேறு; அந்த ஒரு பிட்டைத்தான் கருவிகள் பக்கம் விட்டுக்கொடுக்கிறோம். 9 என்பது 00001001. அதற்கும் 10க்கும் கடைசி இரண்டு பிட்டும் வேறு, எனவே ஒரே /23க்குள் வராது.

ஆக, 192.168.10.0/23 என்பது 192.168.10.1 முதல் 192.168.11.254 வரை. பிராட்காஸ்ட் முகவரி 192.168.10.255இல் இருந்து 192.168.11.255க்கு நகர்கிறது. கேட்வே முகவரியை மாற்ற வேண்டியதில்லை, 192.168.10.1ஆகவே இருக்கட்டும்.

/22க்குப் போனால் நான்கின் மடங்கில் தொடங்க வேண்டும். அப்போது 10 தொடக்கமாக இருக்காது, 192.168.8.0 முதல் 192.168.11.255 வரை என்று வீட்டின் பின்பக்கமும் சேர்ந்து விரியும். 8, 9 இரண்டும் வேறெங்காவது பயன்பாட்டில் இருந்தால் அங்கே மோதும்.

எங்கள் அலுவலகம் 192.168.1.0/24. அதை எப்படிப் பெரிதாக்குவது?

உங்களுக்குத்தான் சிக்கல் கூட. 1 ஒற்றைப்படை. மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கினால் சப்நெட் மேலே 192.168.2க்குப் போகாது, கீழே 192.168.0க்கு இறங்கும். புதிய சப்நெட்டின் பெயர் 192.168.0.0/23, எல்லை 192.168.0.1 முதல் 192.168.1.254 வரை. பிராட்காஸ்ட் முகவரி பழைய 192.168.1.255ஏதான். இதை அறியாமல் டிஎச்சிபியில் 192.168.2.10 முதல் என்று தட்டினால் சர்வரே ஏற்காது; ஏற்றுக்கொள்ளும் கருவியில் தட்டிவிட்டால் இன்னும் மோசம்.

வேறொரு வம்பும் உண்டு. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற முகவரியோடுதான் பெட்டியில் இருந்து வெளியே வருகின்றன. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக அலுவலகத்துக்குள் வருபவருடைய கணினி, 192.168.1.20 என்ற அலுவலக சர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். இதுவரை பாதிப் பேர் சந்தித்த இந்தத் தொல்லையை, 192.168.0.0/23க்குப் பெரிதாக்கிய பிறகு மீதிப் பேரும் சந்திப்பார்கள். என் கருத்தைக் கேட்டால், 192.168.1.0இல் இருப்பவர்கள் அதைப் பெரிதாக்குவதில் உழைப்பைக் கொட்டாமல், 10 என்று தொடங்கும் தனியார் முகவரித் தொகுதியில் ஒரு மூலையைப் பிடித்து, 10.40.8.0/22 போல ஒன்றுக்கு மெல்ல மெல்லக் குடிபெயர்வது நல்லது. 172.16 முதல் 172.31 வரையிலான தொகுதியும் நமக்கு உரியதுதான். ஆனால் டாக்கர் என்ற மென்பொருள் ஓடும் சர்வர்கள் 172.17.0.0/16ஐ இயல்பாகவே எடுத்துக்கொள்ளும், அந்தப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம்.

பக்கத்துத் தொகுதி காலியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆவணம் இருந்தால் ஆவணத்தைப் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான். ரவுட்டரின் வழித்தடப் பட்டியலில் 192.168.11 என்று எங்காவது வருகிறதா பாருங்கள். கிளை அலுவலகத்துக்குப் போகும் விபிஎன் சுரங்கத்திலும், சிசிடிவி அமைத்தவர்கள் தனியாகக் கொண்டுவந்து வைத்த சிறு ரவுட்டரிலும் அது ஒளிந்திருக்கும். ஃபயர்வால் பதிவேட்டில் ஒரு வாரத்துக்கு 192.168.11 என்று தேடிப் பாருங்கள். பிங் (கருவி இருக்கிறதா என்று கேட்கும் சோதனைச் செய்தி) அடித்துப் பார்த்துப் பதில் வரவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். பிங்குக்கு வாய் திறக்காத கருவிகள் ஏராளம்.

எந்த வரிசையில் மாற்ற வேண்டும்?

முதலில் கேட்வே. ரவுட்டரிலோ ஃபயர்வாலிலோ உள் இடைமுகத்தின் மாஸ்க்கை 255.255.254.0 ஆக்குங்கள். அந்த நேரத்தில் மற்ற எல்லாக் கருவிகளும் பழைய /24இலேயே இருக்கும். பரவாயில்லை. எல்லோரும் கீழ்ப்பாதியில், அதாவது 192.168.10க்குள் இருப்பதால், யாரும் யாரையும் தவறவிட மாட்டார்கள். இதனால்தான் கேட்வே முதலில்.

அடுத்து சர்வர்கள், பிறகு பிரிண்டர், வருகைப்பதிவு இயந்திரம், கேமரா ரெக்கார்டர், சுவிட்சுகளின் நிர்வாக முகவரி, வைஃபை கருவிகள் என்று நிலையான முகவரி கொண்ட அத்தனையும். இந்தப் பட்டியலைத் தயாரிப்பதுதான் உண்மையான வேலை. சுவிட்சின் மேக் பட்டியலையும் எந்த ஐபி முகவரி எந்த மேக்குக்கு உரியது என்று சொல்லும் ரவுட்டரின் ஏஆர்பி பட்டியலையும் எடுத்து, டிஎச்சிபி லீஸ் பட்டியலில் இல்லாத முகவரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவைதான் யாரோ கையால் எழுதிய முகவரிகள். அந்தத் தாளோடு மாடி மாடியாக நடக்க வேண்டும். வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவதாக டிஎச்சிபி. இங்கே ஒரு சூட்சுமம்: மாஸ்க்கை மட்டும் முதலில் மாற்றுங்கள், மேல்பாதி முகவரிகளை விநியோகத்துக்குத் திறக்காதீர்கள். லீஸ் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு கருவியும் புதிய மாஸ்க்கை வாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் கழித்து, எல்லோரும் குறைந்தது ஒருமுறையாவது கணினியை அணைத்து எழுப்பியிருப்பார்கள் என்று நம்பிக்கை வந்த பிறகு, 192.168.11ஐத் திறந்துவிடுங்கள். அவசரப்பட்டு இரண்டையும் ஒரே இரவில் செய்தால், மறுநாள் காலையில் பாதிக் கணினிகள் பழைய மாஸ்க்கோடும் பாதிக் கணினிகள் புதிய மாஸ்க்கோடும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும்.

சில கருவிகளில் பழைய மாஸ்க் அப்படியே இருந்துவிட்டால் என்ன ஆகும்?

முழுதாக நின்றுபோனால் உடனே கண்டுபிடித்துவிடலாம். பாதி வேலை செய்யும், அதுதான் வேதனை.

ஒரு பிரிண்டர் 192.168.10.50, மாஸ்க் பழைய 255.255.255.0, கேட்வே 192.168.10.1 என்று வைத்துக்கொள்வோம். 192.168.11.34இல் இருக்கும் கணினி அச்சடிக்க அனுப்புகிறது. கணினிக்கு /23 தெரியும். பிரிண்டர் என் சப்நெட்டில்தான் இருக்கிறது என்று நேராக அனுப்புகிறது. பிரிண்டருக்குத் தெரிந்த உலகம் 192.168.10 மட்டுமே. 11 வெளியூர் என்று நினைத்துப் பதிலைக் கேட்வேக்கு அனுப்புகிறது. கேட்வே வெறும் ரவுட்டராக இருந்தால், வந்த வழியிலேயே திருப்பிக் கணினிக்கு அனுப்பிவிடும். எல்லாம் நடக்கும், தப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. கேட்வே ஃபயர்வாலாக இருந்தால் கதையே வேறு. தொடக்கப் பேச்சைத் தான் கேட்காதபோது பதில் மட்டும் எப்படி வருகிறது என்று சந்தேகப்பட்டு அதைத் தூக்கி எறிந்துவிடும். 10இல் இருப்பவர்களுக்கு அச்சாகும், 11இல் இருப்பவர்களுக்கு ஆகாது. நாளைக்கு லீஸ் மாறி ஆள் மாறினால் புகாரும் ஆள் மாறும்.

கேட்வேயே எழுதாத கருவி என்றால் இதைவிட மோசம். நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் சப்நெட்டைப் பெரிதாக்கி ஒரு வாரம் எந்தச் சத்தமும் இல்லை. மாதக் கடைசியில் சம்பளப் பிரிவில் இருந்து அழைப்பு: வாசலில் இருக்கும் வருகைப்பதிவு இயந்திரத்தில் இருந்து பதிவுகள் இறங்கவில்லை. இயந்திரம் நன்றாகவே இருந்தது, விரலை வைத்தால் பச்சை விளக்கும் எரிந்தது. என் மடிக்கணினியில் இருந்து பிங் அடித்தால் பதில் வந்தது. சம்பளப் பிரிவுக் கணினியில் இருந்து அடித்தால் வரவில்லை. கேபிளை மாற்றினோம், சுவிட்ச் போர்ட்டை மாற்றினோம், மென்பொருள் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுத் திட்டினோம். மதியத்துக்கு மேல்தான் இரண்டு கணினிகளின் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். என்னுடையது 10இல், அவர்களுடையது புதிதாகக் கிடைத்த 11இல். இயந்திரத்தின் நான்கு பொத்தானை அழுத்தி அழுத்தி மெனுவுக்குள் போனால், மாஸ்க் 255.255.255.0, கேட்வே 0.0.0.0. 11இல் இருந்து வரும் கேள்விக்குப் பதிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்றே அதற்குத் தெரியவில்லை. என் பட்டியலில் அந்த இயந்திரம் இருந்தது. பிங் வருகிறது என்று பார்த்து நானே சரிக்குறி போட்டிருந்தேன்.

அதிலிருந்து, சோதிக்கும் மடிக்கணினிக்கு மேல்பாதி முகவரி ஒன்றைக் கையால் கொடுத்துவிட்டுத்தான் நிலையான முகவரிக் கருவிகளைச் சோதிக்கிறேன். கீழ்ப்பாதியில் நின்றுகொண்டு அடிக்கும் பிங் எதையும் காட்டிக்கொடுக்காது.

விண்டோஸ் செய்யும் ஓர் உபகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலையான முகவரி எழுதும் பெட்டியில் 192.168.10.25 என்று தட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குத் தாவினால், மாஸ்க் இடத்தில் அதுவே 255.255.255.0 என்று நிரப்பிவிடும். பழைய வகுப்புக் கணக்கின் மிச்சம் அது. பெரிதாக்கி ஓர் ஆண்டு கழித்துப் புதிதாக வைக்கும் கணினியில் பழைய மாஸ்க் முளைப்பது இப்படித்தான்.

விண்டோஸ் டிஎச்சிபி சர்வரில் ஸ்கோப்பின் மாஸ்க்கை மாற்றும் பெட்டியே மங்கலாக இருக்கிறதே?

இருக்கும் ஸ்கோப்பின் மாஸ்க்கை அதில் மாற்ற முடியாது. தொடக்க, முடிவு முகவரிகளை மாற்றலாம், மாஸ்க் மட்டும் கல்லில் எழுதியது. பழைய ஸ்கோப்பை நீக்கிவிட்டு /23ஆகப் புதிதாக உருவாக்குவதுதான் வழி.

நீக்கினால் லீஸ் பட்டியலும் முன்பதிவுகளும் (குறிப்பிட்ட கருவிக்கென்று ஒதுக்கிய முகவரிகளும்) சேர்ந்தே போய்விடும். ஆகவே முதலில் முன்பதிவுகளைப் பவர்ஷெல் வழியாக ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். சில நாள் முன்பே லீஸ் காலத்தைக் குறைத்துவிடுங்கள். புதிய ஸ்கோப்பில் 192.168.11 முழுவதையும் விலக்குப் பட்டியலில் போட்டுத் தொடங்குங்கள். மேலே சொன்ன 'முதலில் மாஸ்க், பிறகு முகவரி' முறைக்கு அது உதவும். சர்வரின் பண்புகளில் முகவரி மோதலைக் கண்டறியும் எண் ஒன்று இருக்கும், இயல்பாகப் பூச்சியம். அதை 1 அல்லது 2 ஆக்கினால், ஒரு முகவரியைத் தருமுன் அதில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று சர்வர் பிங் அடித்துப் பார்த்துவிட்டுத் தரும். மாற்றம் முடியும்வரை அது இருக்கட்டும்.

லினக்ஸ் சர்வரில் என்றால் அமைப்புக் கோப்பில் இரண்டு வரியைத் திருத்தி மறுபடி தொடங்கினால் போதும். சிறிய ரவுட்டர்கள் சிலவற்றில் உள் நெட்வொர்க்கின் மாஸ்க் பட்டியலில் 255.255.255.0 மட்டுமே இருக்கும். அப்படியானால் ரவுட்டரையே மாற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது.

192.168.10.255, 192.168.11.0 என்ற முகவரிகளைக் கருவிகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். /23இல் அவை நடுவில் விழும் சாதாரண முகவரிகள். ஆனால் 255இல் முடிந்தால் பிராட்காஸ்ட், 0இல் முடிந்தால் நெட்வொர்க் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கும் பழைய கருவிகளும் மென்பொருள்களும் உண்டு. பழைய மாஸ்க்கோடு தப்பிப் பிழைத்த கருவி ஒன்று இருந்தால், அதற்கு 192.168.10.255 இன்னமும் பிராட்காஸ்ட்தான். 510இல் இரண்டை விட்டுக்கொடுத்தால் குடி முழுகிப்போகாது; டிஎச்சிபியில் விலக்கிவிடுங்கள்.

மாஸ்க்கைத் தவிர வேறு எங்கெல்லாம் பழைய /24 எழுதப்பட்டிருக்கும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிக இடங்களில். ஃபயர்வால் விதிகளிலும் முகவரி மாற்று விதிகளிலும் இருக்கும். அங்கே விட்டுவிட்டால் 11இல் இருப்பவருக்கு அலுவலகத்துக்குள் எல்லாம் கிடைக்கும், இணையம் மட்டும் கிடைக்காது. சிஸ்கோ வகைக் கருவிகளில் மாஸ்க்கைத் தலைகீழாக எழுதுவார்கள், 0.0.0.255 என்றிருப்பதை 0.0.1.255 ஆக்க வேண்டும். கிளை அலுவலகத்து விபிஎன் சுரங்கத்தில் இரு முனையிலும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும், அதற்கு அந்தப் பக்கத்து ஆளையும் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் தளங்களுக்கான சப்நெட் பட்டியல் இருக்கிறது. டிஎன்எஸ்ஸில் முகவரியில் இருந்து பெயரைத் தேடும் தலைகீழ் மண்டலம் 192.168.10க்கு மட்டும் இருக்கும், 192.168.11க்கு இன்னொன்று உருவாக்க வேண்டும். அது இல்லாவிட்டாலும் இணையம் ஓடும், ஆனால் சில மென்பொருள்கள் உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் பல விநாடி யோசிக்கும்.

எல்லோரும் மறப்பது சர்வர்களுக்குள்ளேயே இருக்கும் அனுமதிப் பட்டியல்களை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சாம்பா கோப்புப் பகிர்வு, ஸ்கேனரில் இருந்து அஞ்சல் வாங்கும் அஞ்சல் சர்வர் ஆகியவற்றில் '192.168.10.0/24க்கு மட்டும் அனுமதி' என்று யாராவது எழுதியிருப்பார்கள். அமைப்புக் கோப்புகளில் '192.168.10.0' என்று ஒரு தேடு தேடினால் கிடைத்துவிடும்.

மறுபடி மறுபடி செய்வானேன், ஒரேயடியாக /16 ஆக்கிவிட்டால் என்ன?

வேண்டாம். முகவரி அதிகமாக இருப்பதால் மட்டும் நெட்வொர்க் வேகம் குறையாது. குறைவது கருவிகள் பெருகும்போது. யாராவது ஒருவர் 'இந்த முகவரி யாருடையது' என்று கேட்கும் ஏஆர்பி கேள்வி அந்த சப்நெட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவியின் காதிலும் விழும். கேபிளில் ஐந்நூறு கருவிவரை இது பெரிய சுமையில்லை. வைஃபையில்தான் உறுத்தும்: எல்லோருக்குமான செய்தியை, தூரத்தில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்று, வைஃபை கருவி மிகக் குறைந்த வேகத்தில் நிதானமாகச் சொல்லும். அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

மேலும், 192.168.0.0/16 என்று போட்டால் 192.168 குடும்பம் முழுவதும் உங்கள் ஒரே அறைக்குள் வந்துவிட்டது. பிறகு கிளை அலுவலகத்துக்கு 192.168இல் ஓர் எண்கூடக் கொடுக்க முடியாது. /23 போதுமென்றால் /23. இரண்டு ஆண்டுக்குள் அதுவும் நிரம்பும் என்று தெரிந்தால் /22. அதற்கு மேல் ஆசை வந்தால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

பெரிதாக்குவது நல்லதா, வீலேனாகப் பிரிப்பது நல்லதா?

வீலேன் என்பது ஒரே சுவிட்சுகளுக்குள் பிரித்துவைக்கும் தனித்தனி நெட்வொர்க். நேரம் இருந்தால் பிரியுங்கள். கேமராக்களும் ஐபி தொலைபேசிகளும் விருந்தினர் கைபேசிகளும் கணக்குப் பிரிவுக் கணினியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்க எந்த நியாயமும் இல்லை. கேமராக்களை ஒரு வீலேனுக்கும், விருந்தினர் வைஃபையை இன்னொன்றுக்கும் மாற்றினால், பல இடங்களில் பழைய /24ஏ தாராளமாகப் போதும் என்று தெரியவரும். வைரஸ் ஒன்று உள்ளே வந்தாலும் ஓர் அறையோடு நிற்க வாய்ப்பு உண்டு.

இதற்கு வீலேன் அறிந்த சுவிட்சுகள் வேண்டும், வீலேன்களுக்கிடையே வழி காட்ட ரவுட்டரோ மூன்றாம் அடுக்கு சுவிட்சோ வேண்டும், ஒரே டிஎச்சிபி சர்வர் எல்லா வீலேனுக்கும் முகவரி தர, கேள்வியை அதனிடம் கடத்தும் ரிலே அமைக்க வேண்டும். மேசைக்கடியில் யாரோ வாங்கிப் போட்ட எட்டு போர்ட் சுவிட்ச் இருக்கும் அலுவலகத்தில் இது ஒரு வார இறுதியில் முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் இப்போதைக்கு /23, அடுத்த பட்ஜெட்டில் வீலேன் என்று இரண்டு தவணையாகச் செய்வதில் தவறில்லை. விருந்தினர் வைஃபையை மட்டுமாவது முதல் தவணையிலேயே பிரித்துவிடுங்கள். அதிக முகவரியை விழுங்குவது அதுதான்.

ரவுட்டரில் இரண்டாவது முகவரி ஒன்றைப் போட்டால் போதாதா?

ஒரே இடைமுகத்தில் 192.168.10.1 உடன் 192.168.20.1ஐயும் போட்டு, விண்டோஸில் இரண்டு ஸ்கோப்பையும் சூப்பர் ஸ்கோப்பாகக் கட்டினால் வேலை நடக்கும். பழைய கருவிகள் எதையும் தொட வேண்டாம் என்பது இதன் அழகு. ஆனால் பக்கத்து மேசைக்குப் போகும் கோப்புகூட ரவுட்டரைச் சுற்றித்தான் போகும். எந்தக் கருவி எந்த சப்நெட்டில் விழும் என்பதும் உங்கள் கையில் இருக்காது. அவசரத்துக்கு ஒட்டுப்போட நல்லது. இரண்டு மூன்று மாதத்துக்குள் கழற்றிவிடுங்கள்.

ஐபிவி6க்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலி இல்லையே?

இல்லைதான். அங்கே ஒரு சாதாரண சப்நெட்டே /64. கருவிகளுக்கு மிச்சமிருப்பது இன்னொரு 64 பிட். எந்த அலுவலகமும் நிரப்ப முடியாது. ஆனால் உங்கள் வருகைப்பதிவு இயந்திரத்துக்கு ஐபிவி6 தெரியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

எப்போது செய்வது? இடையில் ஏதாவது தவறினால் பழையபடி திரும்ப முடியுமா?

கேட்வே மாற்றத்தைச் சனிக்கிழமை மாலை வைத்துக்கொள்ளுங்கள். இணையம் ஒரு நிமிடம் விட்டுவிட்டு வரும், அவ்வளவுதான். ரவுட்டருக்குத் தொலைவிலிருந்து உள்ளே போய் மாற்றுவதாக இருந்தால், அதே இடைமுகத்தின் வழியாக நீங்கள் உள்ளே வந்திருக்கிறீர்களா என்று ஒருமுறை யோசியுங்கள். நின்றுகொண்டிருக்கும் கிளையையே வெட்டிய கதை ஆகிவிடும். கன்சோல் கேபிளோடு பக்கத்தில் உட்கார்ந்து செய்வது மேல். பழைய அமைப்பை முதலிலேயே ஒரு கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பை நெட்வொர்க்கில் வைக்காமல் மடிக்கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சர்வரில் சேமித்துவிட்டு, சர்வருக்குப் போக வழியில்லாமல் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தவன் நான்.

மேல்பாதியைத் திறப்பது வரை திரும்புவது சுலபம். யாரும் 192.168.11இல் இல்லை என்பதால், எந்தக் கருவியில் எந்த மாஸ்க் இருந்தாலும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். திறந்த பிறகு ஏதாவது தவறினால், மாஸ்க்கைத் தொடாதீர்கள். டிஎச்சிபியில் 192.168.11ஐ மறுபடி விலக்குப் பட்டியலில் போட்டு, அதில் கொடுத்த லீஸ்களை நீக்குங்கள். அந்தக் கணினிகளை அணைத்து எழுப்பச் சொன்னால் காலி இருக்கும்வரை கீழ்ப்பாதியில் இடம் கிடைக்கும். இடம் கிடைக்காத சிலருக்கு அன்று ஒருநாள் கைபேசியின் வைஃபையை அணைத்து வைக்கும்படி மற்றவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேர் ஒத்துழைத்தாலே பத்து முகவரி. அந்த லீஸ்களையும் நீங்களே நீக்கிவிட வேண்டும், லீஸ் காலம் முடியும்வரை அவை தாமாகக் காலியாகாது.